கொலுசைக் கறுக்க வைக்கும் அதே வாயுதான் குழிக்குள் ஆளைச் சாய்க்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மதுரைக் கிருதுமால் கால்வாய் நாற்றம் பற்றிப் போன வாரம் உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு பாலத்தைத் தாண்டுகிற படமும் போட்டிருந்தீர்கள். எழுதியதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் 'துர்நாற்றம்', 'கொசுத்தொல்லை', 'பொதுமக்கள் அவதி' என்ற மூன்று சொல்லோடு விஷயம் முடிந்துவிட்டது. அந்த நாற்றம் என்ன, எதிலிருந்து வருகிறது, மூக்கைப் பொத்தினால் போய்விடுமா என்று ஒரு வரி இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கல்லூரியில் வேதியியல் படித்தவன் இல்லை. தெற்கு ஆவணி மூல வீதிப் பக்கம் ஒரு வெள்ளிக்கடையில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறேன், வீடு கீரைத்துறையில், கால்வாயிலிருந்து நாலாவது வீடு. எங்கள் தொழிலில் தினமும் வருகிற சண்டை ஒன்று உண்டு. "ஒரு வருசம்கூட ஆகல, கொலுசு இப்படிக் கறுத்துப்போச்சு, ஈயத்தக் கலந்து குடுத்துட்டீங்களா?" என்று மேசையில் போடுவார்கள். பெரியவர்கள் கூட வந்தால், "பிள்ளைக்கு உடம்புச் சூடு, அதான் கறுக்குது" என்று அவர்களே சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். நாங்கள் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டு, பித்தளை பிரஷ்ஷால் தேய்த்து, பளபளவென்று கொடுத்து அனுப்புவோம். ஆறே மாதத்தில் அதே கொலுசு அதே கறுப்போடு திரும்பி வரும்.

ரொம்ப நாள் கழித்துத்தான் ஒன்று உறைத்தது. அடிக்கடி திரும்பி வருகிற நகைகள் பெரும்பாலும் கால்வாய் ஓரத்து வீடுகளிலிருந்து வருகின்றன. என் வீட்டுக் குத்துவிளக்குக்கும் அதே கதிதான். சரி, பார்த்துவிடலாம் என்று ஒரே வெள்ளிக் கம்பியை மூன்று துண்டாக வெட்டினேன். ஒன்றைக் கடையில் மூடிய டப்பாவில் போட்டேன், ஒன்றை உசிலம்பட்டிப் பக்கம் என் அண்ணன் வீட்டுத் திண்ணையில் ஆணியில் கட்டினேன், ஒன்றை என் வீட்டு ஜன்னல் கம்பியில், கால்வாயைப் பார்த்த பக்கம் கட்டினேன். பத்து நாளில் ஜன்னல் கம்பி மஞ்சள் பூசினாற்போல் ஆனது. அப்புறம் பழுப்பு, ஒரு மாதம் முடிவதற்குள் அடுப்புக்கரி நிறம். அண்ணன் வீட்டுத் துண்டு அன்றைக்கும் வெள்ளையாகவே இருந்தது. யார் உடம்புச் சூடும் படாத கம்பி அது.

கறுத்த வெள்ளியில் இருப்பது கந்தகம். கால்வாயிலிருந்து வருகிற ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடு என்ற கறுப்புப் படலமாக ஒட்டிக்கொள்கிறது. (வியர்வையிலும் சில சோப்பு, கிரீம்களிலும்கூடக் கொஞ்சம் கந்தகம் உண்டு, அதனால் பெரியவர்கள் சொல்வதையும் முழுக்கத் தள்ள முடியாது.) நம்பாதவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, கறுத்த கொலுசை அதன்மேல் வைத்து, சோடா உப்பைப் போட்டு, கொதிக்கிற தண்ணீரை ஊற்றுங்கள். கறுப்பு கண்ணெதிரே கழன்று வெள்ளி வெளுக்கும், கூடவே மெல்லிசாக ஒரு கூமுட்டை வாசம் மூக்கில் ஏறும். எங்கள் தெருவில் ராத்திரி பதினோரு மணிக்குக் காற்று ஓய்ந்ததும் எழும்புகிற அதே வாசம்.

இந்தக் கந்தகம் எங்கிருந்து வந்தது என்று விசாரிக்க ஆரம்பித்தால் அது ஒரு பெரிய சுற்று. பாறையிலும் கடலிலும்தான் உலகத்துக் கந்தகத்தில் பெரும்பகுதி இருக்கிறது. ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் ஏறக்குறைய 2.7 கிராம் சல்பேட், அதாவது கந்தகமும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருள், கரைந்திருக்கிறது. தூத்துக்குடி உப்பளத்தில் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள், பாத்தியில் உப்பு விளைவதற்கு முன்னால் முதலில் படிவது ஜிப்சம்தான், அது சுண்ணாம்புச் சத்தும் கந்தகமும் சேர்ந்தது. கடலில் மிதக்கிற கண்ணுக்குத் தெரியாத பாசிகளும் கந்தகம் கலந்த ஒரு ஆவியை வெளியே விடுகின்றன, ராமேசுவரத்தில் இறங்கியதும் அடிக்கிற கடல் வாசத்தில் அதற்கும் பங்கு உண்டு. அந்த ஆவி காற்றில் மாறி நுண்துகளாகி, அதைப் பிடித்துக்கொண்டு நீர்த்துளி சேர்ந்து மேகமாகிறது. மழையோடு கந்தகம் மறுபடி மண்ணுக்கு வருகிறது, வேர் எடுத்துக்கொள்கிறது, செடியைத் தின்கிற ஆட்டுக்கும் நமக்கும் வருகிறது. ஒரு ஆள் உடம்பில் சுமார் 140 கிராம் கந்தகம் இருக்கிறதாம். முடி பொசுங்கினால் ஒரு நெடி வருகிறதே, சின்ன வெங்காயம் உரித்தால் கண்ணில் தண்ணீர் வருகிறதே, எல்லாம் அதன் வேலைதான். செத்தது மட்கினால் மறுபடி மண்ணுக்கு.

என் அண்ணன் கடலை போடுகிறவர். விதைத்து 40, 45 நாளில் களை வெட்டி மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போடச் சொல்வார்கள், அவர் தவறாமல் போடுவார். விழுது இறங்குகிற நேரத்தில் அது கிடைக்காவிட்டால் காயெல்லாம் பொக்கு, எண்ணெய்ச் சத்தும் குறையும். தழைச்சத்து குறைந்தால் அடி இலை மஞ்சளாகும், கந்தகம் குறைந்தால் கொழுந்து மஞ்சளாகும் என்று வித்தியாசம் பார்த்துச் சொல்லுவார். மல்லிகைத் தோட்டத்தில் சிலந்திப்பேனுக்கும், கம்பம் பக்கம் திராட்சையில் சாம்பல் நோய்க்கும் அடிப்பது கந்தகம். சிவகாசி வட்டாரத்தையே 'கந்தக பூமி' என்று உங்களைப் போன்ற நாளிதழ்கள்தானே எழுதிப் பழக்கின. ஆக, கந்தகத்தின்மேல் எனக்குக் கோபம் இல்லை. அண்ணன் காட்டில் காசு கொடுத்து வாங்கிப் போடுகிற பொருள் எங்கள் தெருவில் ஏன் விஷமாகக் கிளம்புகிறது என்பதுதான் என் கேள்வி.

அதற்குப் பதில் தண்ணீர் ஓடுகிறதா, நிற்கிறதா என்பதில் இருக்கிறது. கிருதுமால் இன்றைக்குக் கால்வாய், என் தாத்தா காலத்தில் ஆறு. நாகமலைப் பக்கம் கிளம்பி, ஊருக்குள் வந்து, கூடலழகருக்கு மாலை போட்டாற்போல் சுற்றிக்கொண்டு, தெற்கே கண்மாய்களை நிரப்பிக்கொண்டு குண்டாறு பக்கம் போன தண்ணீர். ஓடுகிற தண்ணீரில் காற்று கலந்துகொண்டே இருக்கும், அதில் உள்ள கிருமிகள் அந்தக் காற்றை வைத்துக் கழிவைத் தின்னும், நாற்றம் வராது. இப்போது அதில் விழுவது முக்கால்வாசி சாக்கடை, அதுவும் நெகிழிப் பையும் கட்டட இடிபாடும் அடைத்து நிற்கிற சாக்கடை. தேங்கி நின்றால் தண்ணீரில் உள்ள காற்று கொஞ்ச நேரத்தில் தீர்ந்துபோகும். அப்போது வேறு ஒரு வகைக் கிருமிகள் பெருகும். அவற்றுக்கு மூச்சு விட ஆக்சிஜன் வேண்டாம், சல்பேட் போதும். சல்பேட்டை எடுத்துக்கொண்டு அவை விடுகிற மூச்சுத்தான் ஹைட்ரஜன் சல்பைடு. அவற்றுக்குச் சல்பேட்டுக்குப் பஞ்சமே இல்லை, உப்புத் தண்ணீர் போர்வெல்லில் இருக்கிறது, நம் கழிவில் இருக்கிறது, துணிக்குப் போடுகிற சோப்புத் தூளிலேயே எடைக்காகச் சேர்க்கிற சோடியம் சல்பேட் இருக்கிறது. கால்வாய்ச் சேற்றை ஒரு குச்சியால் கிளறிப் பாருங்கள், மை மாதிரி இருக்கும். அந்தக் கறுப்பு இரும்பும் கந்தகமும் சேர்ந்தது, என் ஜன்னல் கம்பியின் அண்ணன் தம்பி.

இன்னொன்று பார்த்தேன், இதை மாநகராட்சிப் பொறியாளர்கள் என்னைவிட நன்றாக அறிவார்கள். எங்கள் முக்கில் கழிவுநீர் ஓடைக்கு மேல் போட்ட சிலாப் ஒன்றைத் தூக்கி ஓரமாகச் சாத்தியிருந்தார்கள். மேல்பக்கம் கல்லாட்டம் இருந்தது, அடிப்பக்கத்தை விரலால் தேய்த்தால் ஈரச் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக உதிர்ந்தது, கம்பி வெளியே தெரிந்தது. தண்ணீர் தொடாத பக்கம்தான் உதிர்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். மேலே எழும்புகிற வாயு சிலாப்பின் ஈரத்தில் படிய, அங்கே குடியிருக்கிற தயோபேசில்லஸ் மாதிரிக் கிருமிகள் அதைக் கந்தக அமிலமாக மாற்றுகின்றன, அமிலம் சிமெண்டைத் தின்று ஜிப்சமாக்கி விடுகிறது. என் அண்ணன் கடலைக்குப் போடுகிற அதே ஜிப்சம். வருடா வருடம் சிலாப் உடைந்து யாராவது கால் இடறி விழும்போது ஒப்பந்தக்காரர் சிமெண்டைக் குறைத்துவிட்டார் என்று திட்டுகிறோம், சில இடத்தில் அதுவும் உண்மையாக இருக்கலாம், ஆனால் நல்ல சிமெண்டையும் இந்த வாயு தின்னும்.

கொலுசும் சிலாப்பும் போனால் போகட்டும், வேறு வாங்கலாம். நான் பேனாவை எடுத்தது அடுத்த விஷயத்துக்காக.

ஆறு மாதத்துக்கு முன்னால் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் செப்டிக் டேங்க் நிரம்பி, ஆள் கூட்டி வந்திருந்தார்கள். லாரி வந்து உறிஞ்சிய பிறகும் அடியில் மண்டி நின்றது, அதை வாளியில் அள்ள வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்ல, முப்பது வயசு இருக்கும், ஒரு தம்பி கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மூடி ஓரம் உட்கார்ந்திருந்தார். இடுப்பில் ஒரு கயிறுகூட இல்லை. நான் கடைக்குக் கிளம்பினவன் நின்று, "தம்பி, இறங்காதீங்க, கேஸ் இருக்கும்" என்றேன். அவர் தலையை உள்ளே விட்டு மோந்து பார்த்துவிட்டு, "இல்லண்ணே, காலையில தொறந்தப்ப நாறுச்சு, இப்ப வாசமே இல்ல, எறங்கலாம்" என்றார். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது.

ஏனென்றால் இந்த வாயுவின் குணமே அதுதான். காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும்போதே கூமுட்டை நாற்றம் நன்றாகத் தெரியும். அதுவே நூறு பங்கைத் தொட்டால் கொஞ்ச நேரத்தில் மூக்கு மரத்துப்போகும், நாற்றம் போனதாகவே தோன்றும், ஆனால் வாயு அங்கேயேதான் இருக்கும். ஐந்நூறைத் தாண்டினால் நிமிடக் கணக்கில் ஆள் சுருண்டு விழலாம். ஆயிரத்தைத் தொட்டால் ஒன்றிரண்டு மூச்சு போதும், கத்தக்கூட நேரம் இருக்காது. காற்றைவிடக் கனமான வாயு என்பதால் மூடியைத் திறந்து வைத்தாலும் அடியில் தங்கும். மண்டியைக் கிளறினால் சோடா பாட்டில் பொங்குவதுபோல் ஒரேயடியாக வெளியே வரும். சிலர் தீக்குச்சி கிழித்து உள்ளே போட்டுப் பார்ப்பார்கள், அது இன்னும் ஆபத்து, இந்த வாயுவும் எரியும், கூட இருக்கிற மீத்தேனும் எரியும். இப்படிப்பட்ட சாவுகளில் திரும்பத் திரும்ப நடப்பது இதுதான்: ஒருவர் விழுவார், காப்பாற்ற இன்னொருவர் குதிப்பார், அவரைத் தூக்க மூன்றாவது ஆள். 2022 ஏப்ரலில் நம் பழங்காநத்தத்தில் கழிவுநீர்த் தொட்டி மோட்டார் வேலைக்குப் போன மூன்று பேர் ஒரே இரவில் செத்தார்கள். ஊரே பேசியது, ஒரு வாரம் பேசியது.

அந்தத் தம்பியை நான் கையைப் பிடித்து இழுத்துத்தான் எழுப்பினேன். வீட்டுக்காரருக்கு என்மேல் கோபம், "எங்க வேலையக் கெடுக்குறீங்க" என்றார். நல்ல மனிதர்தான், சட்டம் தெரியாது. 2013-லேயே வந்த சட்டம் பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளைச் சாக்கடைக்குள்ளோ செப்டிக் டேங்குக்குள்ளோ இறக்கக் கூடாது என்கிறது, கூலிக்கு அமர்த்திய வீட்டுக்காரருக்கும் அது பொருந்தும். செத்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சமாக இருந்த இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 30 லட்சமாக உயர்த்தியது. காசு வரும், ஆள் வருவாரா?

இவ்வளவும் தரைக்குக் கீழே நடப்பது. மேலேயும் இதே கந்தகம்தான். நிலக்கரியை எரித்தால் அதிலுள்ள கந்தகம் சல்பர் டை ஆக்சைடாகப் புகைபோக்கி வழியே கிளம்பும், காற்றில் அமிலமாகும், மழையோடு விழுந்தால் அமில மழை, மழை இல்லாவிட்டால் சல்பேட் நுண்துகளாகப் பல நூறு கிலோமீட்டர் போய் நுரையீரலில் இறங்கும். எரிமலைகளும் இதே வாயுவைக் கக்குகின்றன, ஆனால் இன்றைக்கு மனிதன் கக்குவது அவற்றைவிட அதிகம். 1952 டிசம்பரில் லண்டனில் நிலக்கரிப் புகை ஐந்து நாள் கலையாமல் நின்று சுமார் 4,000 பேரைக் கொண்டுபோனதாக அப்போதே கணக்கிட்டார்கள், பிறகு வந்த ஆய்வுகள் அதைவிட அதிகம் என்றன. சுண்ணாம்புச் சுதை, பளிங்கு இரண்டுக்கும் இந்தப் புகை ஆகாது, சிலாப்புக்கு நடந்த அதே வேலையை அங்கேயும் மெதுவாகச் செய்யும். தாஜ்மகாலுக்காக 1996-ல் உச்ச நீதிமன்றம் சுற்றியுள்ள ஆலைகளை நிலக்கரியை விடச் சொன்னது அதனால்தான். நம் நாயக்கர் மகால் தூணும் விதானமும் முழுக்கச் சுதை வேலை, 1636-லிருந்து நிற்கிறது.

இதில் நடக்கவே நடக்காதது ஒன்றும் இல்லை. டீசலில் கந்தகத்தைக் கிலோவுக்கு 50 மில்லிகிராமிலிருந்து 10-ஆகக் குறைக்க வேண்டும் என்றார்கள், 2020 ஏப்ரல் 1-ம் தேதி நாடு முழுக்கக் குறைந்தது, நம் டவுன் பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் அன்றிலிருந்து அந்த எண்ணெயில்தான் ஓடுகின்றன. ஆனால் அனல்மின் நிலையங்களுக்கு 2015 டிசம்பரில் போட்ட கட்டுப்பாட்டைத் தள்ளித் தள்ளி வைத்து, 2025 ஜூலையில் நாலில் மூன்று பங்குக்கும் மேலான அலகுகளுக்குப் புகையிலிருந்து கந்தகத்தைப் பிடிக்கிற கருவியே வேண்டாம் என்று விலக்குக் கொடுத்துவிட்டார்கள். இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு என்பது அவர்கள் சொல்கிற காரணங்களில் ஒன்று, குறைவுதான், ஆனால் எரிக்கிற அளவு மலை மலையாக இருக்கும்போது குறைவு என்பது எதற்கு ஆகும்? எனக்கு இந்த முடிவு சரியாகப் படவில்லை. சுண்ணாம்புக்கல் கரைசலுக்குள் புகையை விட்டுக் கந்தகத்தைப் பிடித்தால் கடைசியில் கிடைப்பது ஜிப்சம், சிமெண்டுக்கும் நிலத்துக்கும் ஆகிற பொருள். நம் பக்கத்துத் தூத்துக்குடியில் 1,050 மெகாவாட் நிலக்கரி நிலையம் இருக்கிறது, அந்த ஊர் மாசு குறைக்க வேண்டிய நகரங்களின் பட்டியலில் இருப்பதால் அதற்கு என்ன செய்வது என்று தனியாக முடிவெடுக்கப் போகிறார்கள். அதை உங்கள் நாளிதழ் விடாமல் கேட்க வேண்டும்.

எங்கள் தெருவுக்கு வருகிறேன். மாநகராட்சி கிருதுமாலைத் தூர்வாருகிறது, வாரிய மண்டியைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போகிறது, அது காய்ந்து, மழையில் கரைந்து மறுபடி உள்ளே போகிறது. அன்றன்றைக்கே அள்ளிக்கொண்டு போக வேண்டும். அடைப்பு இல்லாமல் தண்ணீர் நகர்ந்தாலே, அங்கங்கே சின்னப் படி வைத்து விழுந்து ஓடச் செய்தாலே பாதி நாற்றம் போகும், காற்று கலக்கும். முழுக்கப் போக வேண்டுமானால் வீட்டுச் சாக்கடை அதில் விழக் கூடாது, அதற்குக் காலம் பிடிக்கும், எனக்கும் தெரியும். காலம் பிடிக்காத வேலை ஒன்று உண்டு. பாதாளச் சாக்கடை மூடியைத் திறக்கிற ஒவ்வொரு குழுவிடமும் வாயு அளக்கிற கையடக்கக் கருவி இருக்க வேண்டும், அது கீச் கீச் என்று கத்தினால் யாரும் பக்கத்தில் போகக் கூடாது. ஆளே இறங்காமல் அள்ளுகிற இயந்திரமும் இருக்கிறது, 2018-ல் திருவனந்தபுரத்தில் பாண்டிகூட் என்ற இயந்திரத்தை இறக்கினார்கள், இளைஞர்கள் சேர்ந்து செய்தது. மதுரையில் வார்டுக்கு எத்தனை இயந்திரம் இருக்கிறது, எத்தனை ஓடுகிறது என்று உங்கள் நிருபர் கேட்டு எழுதட்டும்.

வாசகர்களிடமும் ஒன்று கேட்கிறேன். செப்டிக் டேங்க் நிரம்பினால் 14420 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள், லாரி வரும். அடியில் மண்டி நின்றால் தண்ணீரைப் பாய்ச்சிக் கலக்கி மறுபடி உறிஞ்சச் சொல்லுங்கள், கூட ஒரு நடை காசு ஆகும், ஆகட்டும். யாராவது "வாசமே இல்லண்ணே" என்று சொல்லிக்கொண்டு காலை உள்ளே விட்டால் கையைப் பிடித்து இழுங்கள். ஏற்கெனவே ஒருவர் உள்ளே விழுந்துவிட்டால் பின்னால் குதிக்காதீர்கள், தீயணைப்புத் துறையை 101-ல் கூப்பிடுங்கள். அவர்களிடம் மூச்சுக் கருவி இருக்கும்.

வெள்ளிக் கம்பித் துண்டு மூன்றையும் ஒரு வெள்ளைக் காகிதத்தில் ஒட்டி, தேதி எழுதி, கடை மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். மூடிய டப்பாவில் இருந்தது, அண்ணன் வீட்டில் இருந்தது, என் ஜன்னலில் இருந்தது. நிருபர் வந்தால் காட்டுகிறேன், பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
வெள்ளிக்கடை ஊழியர் ஒருவர்,
கீரைத்துறை, மதுரை.